ஃபேனுக்குள் காந்தம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் மின்மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் பொள்ளாச்சிப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன், 26 வருஷமாகக் காயில் கட்டுவதுதான் பிழைப்பு. கடைக்குத் தினமும் உங்கள் பேப்பர் வரும், படித்து முடித்ததும் அது கிரீஸ் துடைக்கப் போய்விடும், தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் கட்டுரையும் அப்படித்தான் போயிருக்கும். ஒன்பதாவது படிக்கிற என் அக்கா மகள் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, ஸ்கூல் விட்டதும் நேராகக் கடைக்கு வந்து நின்றாள்.

"மாமா, இந்தப் படத்துல வடதுருவம் தென்துருவம்னு ரெண்டு காந்தம் போட்டிருக்காங்களே, நம்ம ஃபேன்ல அது எங்க இருக்கு? கழட்டிக் காட்டு."

மேசை மேல் ஏற்கெனவே ஒரு சீலிங் ஃபேன் பிரிந்து கிடந்தது. நடுவில் காயில் சுற்றிய, அசையாமல் நிற்கிற ஸ்டேட்டர், அதைச் சுற்றி மாட்டுகிற, சுழல்கிற ரோட்டார் வளையம், இரண்டு பேரிங், ஒரு கண்டன்சர், அவ்வளவுதான் ஒரு ஃபேன். யூனிஃபார்மில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தாள். எங்கேயும் ஒட்டவில்லை. ரோட்டார் வளையத்தின் உள்பக்கம் கூட வைத்தாள், பின் கீழே விழுந்தது. "அப்ப பேப்பர்ல பொய் எழுதியிருக்காங்க" என்று முடிவே கட்டிவிட்டாள்.

பொய் இல்லை. கட்டுரையில் இருந்தது ஒரு வகை மோட்டார், பொம்மைக் காருக்குள் இருக்குமே, அது. ஆனால் நம் வீட்டுச் சீலிங் ஃபேன், கிரைண்டர், போர்வெல் மோட்டார், பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், மாவு மில்லில் உறுமுகிற மோட்டார் இதில் எதைப் பிரித்துப் பார்த்தாலும் அந்தப் படம் கிடைக்காது. ஒரு மோட்டாரைப் பார்த்தே இராத வெளிநாட்டுப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி, பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு எங்கேயோ இருப்பதை வரைந்து காட்டுவது எதற்கு என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், வெட்டிப் போட்டாலும் சரி.

முதலில் சரியாக எழுதியிருந்ததைச் சொல்லிவிடுகிறேன். கம்பியில் மின்னோட்டம் போனால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது, அந்தக் கம்பியை இன்னொரு காந்தப்புலத்துக்குள் வைத்தால் அதன் மேல் ஒரு விசை விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எல்லா மோட்டாருக்கும் அடிப்படை அதுதான். 1820இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் என்கிற பேராசிரியர், திசைகாட்டி முள்ளுக்கு மேலே, முள்ளின் போக்கிலேயே ஒரு கம்பியைப் பிடித்துக் கரண்ட் விட்டார், முள் திரும்பியது. கட்டுரையில் இத்தோடு நிறுத்திவிட்டீர்கள். முள் எந்தப் பக்கம் திரும்பியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அது கம்பியை நோக்கி வரவும் இல்லை, கம்பியை விட்டு விலகவும் இல்லை, கம்பிக்குக் குறுக்கே போய் நின்றது. அதுவரை மனிதர்களுக்குத் தெரிந்த விசை எல்லாம் நேராக இழுக்கும், இல்லாவிட்டால் நேராகத் தள்ளும். இது குறுக்கே தள்ளியது.

குறுக்கே தள்ளினால் என்ன ஆகும் என்பதற்குச் செக்கைப் பார்த்தால் போதும். செக்கு மாடு உரலை நோக்கி நடப்பதில்லை, உரலை விட்டுத் தள்ளியும் போவதில்லை, தடிக்குக் குறுக்கே நடக்கிறது. அதனால்தான் செக்கு சுற்றுகிறது. மின்சாரமும் காந்தமும் சேர்ந்தால் வருகிற தள்ளு விசையும் அந்த மாடு தள்ளுகிற மாதிரிதான், எப்போதும் குறுக்கே. இடக்கையின் மூன்று விரலையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டச் சொல்கிற ஃபிளெமிங் விதி இந்தக் குறுக்குத் திசையை மறக்காமல் வைத்துக்கொள்ள ஒரு கைவித்தை, அவ்வளவே. விரலை மனப்பாடம் செய்துவிட்டுக் குறுக்கே என்பதை விட்டுவிடுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐடிஐ முடித்து என்னிடம் வேலைக்கு வந்த இரண்டு பேர் அதில் சேர்த்தி.

ஓர்ஸ்டெட் செய்ததற்கு அடுத்த வருஷமே, 1821 செப்டம்பரில், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே இந்தக் குறுக்கு விசையை வைத்து ஒரு கம்பியைச் சுற்ற வைத்துவிட்டார். ஃபாரடே காலேஜ் படித்தவர் இல்லை, புத்தகம் பைண்டிங் செய்கிற இடத்தில் வேலை கற்றுக்கொள்ளப் போன பையன். ஒரு கிண்ணத்தில் பாதரசம், அதன் நடுவில் செங்குத்தாக ஒரு காந்தம், மேலிருந்து தொங்கும் கம்பியின் நுனி பாதரசத்தில் நனைந்தபடி இருக்கும். கரண்ட் விட்டதும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பாதரசம் எதற்கென்றால், கம்பி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், கரண்ட்டும் அறுந்துவிடக் கூடாது, இரண்டும் நடக்க அது தோதான வழி. இன்றைக்கு யாரும் பாதரசத்தைத் தொட வேண்டாம். வீட்டிலேயே செய்து பார்க்க வேறு வழி இருக்கிறது. ஒரு பென்டார்ச் செல், ஓர் இரும்பு ஸ்குரூ, பட்டன் அளவுக்கு ஒரு நியோடிமியம் காந்தம், ஒரு சாண் செம்புக் கம்பி. ஸ்குரூவின் தலையில் காந்தத்தை ஒட்டி, கூர் முனையைச் செல்லின் அடியில் வைத்தால் அது தானாகப் பிடித்துக்கொண்டு தொங்கும். கம்பியின் ஒரு முனையைச் செல்லின் மேல் முனையில் அழுத்திக்கொண்டு, மறு முனையைக் காந்தத்தின் விளிம்பில் லேசாகத் தொடுங்கள். ஸ்குரூ கிறுகிறுவென்று சுற்றும். காந்தத்தைத் தலைகீழாக மாற்றி ஒட்டினால் எதிர்ப்பக்கம் சுற்றும். சில வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், கம்பி சுடும். அக்கா மகள் இதை அன்றைக்கே செய்தாள், மூன்று செல் காலி.

சரி, வீட்டுக்கு வருவோம். உங்கள் படத்துக்குக் கொஞ்சம் சொந்தக்காரன் என்று சொல்ல வீட்டில் ஒருத்தன் உண்டென்றால் அது மிக்ஸி. அதில்தான் ஆர்மேச்சர் என்கிற சுற்றும் காயில் இருக்கிறது, அதற்குப் போகிற கரண்ட்டைத் திசை மாற்றிக் கொடுக்கிற கம்யூட்டேட்டர் இருக்கிறது, அதை உரசிக்கொண்டு நிற்கும் இரண்டு கார்பன் இருக்கிறது. படத்தில் இருந்த எல்லாமே இருக்கிறது, காந்தம் மட்டும் இல்லை. காந்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபீல்டு காயில் என்று இன்னும் இரண்டு காயில். ஏன் அப்படி? நம் வீட்டுக் கரண்ட் ஏசி, வினாடிக்கு 50 சுழற்சி, அதாவது வினாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. பொம்மைக் கார் மோட்டாரை அதில் கொடுத்தால் (கொடுக்காதீர்கள்) கம்பியில் கரண்ட் திசை மாறும், காந்தம் மாறாது, விசை இந்தப் பக்கம் ஒரு தள்ளு அந்தப் பக்கம் ஒரு தள்ளு என்று ஆகி, மோட்டார் நின்ற இடத்தில் நடுங்கும். மிக்ஸியில் ஃபீல்டு காயிலும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் இருக்கின்றன. கரண்ட் திரும்பினால் இரண்டும் சேர்ந்து திரும்பும், தள்ளு பழைய பக்கமே விழும்.

மிக்ஸி ஜாரில் தேங்காய்ச் சில்லு சிக்கி நின்றுவிட்டால் அடியில் உள்ள சிவப்புப் பொத்தான் டக்கென்று விழுகிறதே, அதன் காரணமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. காந்தப்புலத்துக்குள் கம்பி சுற்றும்போது, வருகிற கரண்டை எதிர்த்து அந்தக் கம்பியே ஒரு வோல்டேஜ் உண்டாக்கும். ஓடுகிற மோட்டார் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்வது அதனால்தான். சுற்றுவது நின்றால் எதிர்ப்பு போய்விடும், கரண்ட் தடதடவென்று ஏறும், காயில் சுடும். "சும்மா நின்னுட்டுத்தான இருந்துச்சு, எப்படி எரிஞ்சுது?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓடினால் எரிந்திருக்காது, நின்றதால்தான் எரிந்தது.

அடுத்தது ஃபேன். இங்கேதான் படம் முழுசாகத் தோற்றுப்போகிறது. ஃபேன் ரோட்டாருக்குள் காந்தமும் இல்லை, அதற்குக் கரண்ட் கொண்டுபோகிற ஒயரும் இல்லை. கார்பன் இல்லை, ஒன்றும் இல்லை. தகடு அடுக்கிய வளையத்தின் பள்ளங்களில் அலுமினியத்தை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் அலுமினிய வளையத்தால் மூடியிருக்கிறார்கள். இரும்பை நீக்கிவிட்டு அந்த அலுமினியத்தை மட்டும் பார்த்தால் கிளிக்கூண்டு மாதிரி இருக்கும். எதோடும் கனெக்ஷன் இல்லாத கூண்டு எப்படிச் சுற்றுகிறது?

இதற்குப் பதில் நம் வீட்டு வாசலிலேயே இருந்தது, சார். டிஜிட்டல் மீட்டர் வருவதற்கு முன்னால் கரண்ட் மீட்டருக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டே இருக்குமே, விளிம்பில் ஒரு அடையாளக் கோடு போட்டு, அது ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் நான் மத்தியான வேளையில் அதன் முன்னால் நின்று, ஐயன்பாக்ஸ் போட்டால் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அந்தத் தட்டை எந்த ஒயரும் தொடவில்லை. அலுமினியம் காந்தத்தில் ஒட்டவும் ஒட்டாது. ஆனாலும் சுற்றியது. மேலும் கீழும் இரண்டு காயில், ஒன்று வோல்டேஜுக்கு, ஒன்று வீட்டில் ஓடும் கரண்ட்டுக்கு. இரண்டின் காந்தப்புலமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காமல் ஒன்றன் பின் ஒன்றாக ஏறி இறங்கும். மாறுகிற காந்தப்புலம் அலுமினியத்துக்குள்ளேயே கரண்ட்டை உண்டாக்குகிறது, அந்தக் கரண்ட்டையே காந்தப்புலம் குறுக்கே தள்ளுகிறது, தட்டு சுற்றுகிறது. வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கவில்லை, உள்ளேயே பிறக்க வைத்துத் தள்ளுகிறார்கள். அந்த மீட்டரில் ஒரு நிலைக்காந்தமும் உண்டு, தட்டை இழுத்துப் பிடிக்க. சுற்ற வைப்பதும் பிரேக் போடுவதும் ஒரே விதிதான்.

இதற்கும் ஒரு கதை உண்டு. 1824இல் பாரிஸில் அராகோ என்பவர் ஒரு செம்புத் தட்டைச் சுற்றவிட்டு, மேலே தொங்கவிட்ட காந்த முள்ளும் அதோடு சேர்ந்து சுற்றுவதைக் காட்டினார். செம்பில் காந்தம் ஒட்டாது, நடுவில் ஒயரும் இல்லை, எப்படி என்று யாருக்கும் பிடிபடவில்லை. மாறுகிற காந்தப்புலம் கரண்ட்டை உண்டாக்கும் என்று 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. 1879இல் வால்டர் பெய்லி என்கிற ஆங்கிலேயர் இதைத் திருப்பிப் போட்டார். எதையும் கையால் சுற்றாமல், நான்கு மின்காந்தங்களுக்குக் கரண்ட்டை மாற்றி மாற்றிக் கொடுத்தே ஒரு செம்புத் தட்டைச் சுற்ற வைத்தார். நம் ஃபேனின் தாத்தா அதுதான்.

மாற்றி மாற்றி என்றேனே, அதைக் கோயில் திருவிழாவில் பார்க்கலாம். சீரியல் செட்டில் வெளிச்சம் ஓடுகிறது, பல்பு எதுவும் இடம் மாறுவதில்லை. ஒன்று அணைகிறபோது அடுத்தது எரிகிறது, நம் கண்ணுக்கு ஓடுகிற மாதிரி தெரிகிறது. ஃபேன் ஸ்டேட்டரில் ரன்னிங் காயில், ஸ்டார்ட்டிங் காயில் என்று இரண்டு கூட்டம். ஸ்டார்ட்டிங் காயிலுக்கு முன்னால் அந்த 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சரைப் போடுவது, அதன் கரண்ட் முந்திக்கொண்டு ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக. ஒன்று ஓய்கிறபோது மற்றது ஏறுகிறது, சீரியல் செட் மாதிரி காந்தப்புலம் வட்டமாக ஓடுகிறது. ஓடுகிற காந்தப்புலம் அலுமினியக் கூண்டில் கரண்ட்டை உண்டாக்கி, கூண்டைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது.

கண்டன்சர் செத்துப்போன ஃபேனைப் பார்த்திருப்பீர்கள். சுவிட்ச் போட்டால் ம்ம்ம் என்று முனகும், சுற்றாது. யாராவது துடைப்பக் கட்டையால் ஒரு தட்டு தட்டினால் மெதுவாகக் கிளம்பும். எந்தப் பக்கம் தட்டுகிறோமோ அந்தப் பக்கமே ஓடும் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள்? ஒரே ஒரு காயில் கூட்டம் இருந்தால் காந்தப்புலம் ஓடாது, நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். அதற்கு வலது இடது எல்லாம் ஒன்று. நாம் ஒரு பக்கம் தள்ளிவிட்டால் அந்தப் பக்கத்துக்கு இசைந்து போய்விடும். என் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஸ்டார்ட்டிங் காயில் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டான், ஃபேன் அழகாக எதிர்ப்பக்கம் ஓடியது, அந்த வீட்டுப் பாட்டி இரண்டு நாள் கழித்து வந்து "தம்பி, ஃபேன் ஓடுது, காத்து மட்டும் மேல போகுது" என்றார்.

இந்தக் கூண்டு மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு, உங்கள் கட்டுரை அதைத் தொடவே இல்லை. கூண்டு காந்தப்புலத்தைத் துரத்திக்கொண்டே இருக்கும், எட்டிப் பிடிக்கவே பிடிக்காது. பிடித்துவிட்டால் கூண்டைப் பொறுத்தவரை காந்தப்புலம் மாறாமல் நிற்கிறது என்று ஆகிவிடும், மாற்றம் இல்லையென்றால் உள்ளே கரண்ட் பிறக்காது, கரண்ட் இல்லையென்றால் தள்ளு விசையும் இல்லை. அதனால் எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் ஓட வேண்டும். நான்கு துருவ மோட்டாரில் காந்தப்புலம் நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடும், பெயர்ப்பலகையில் 1440 என்று அடித்திருப்பார்கள். அச்சுப் பிழை இல்லை, அந்த 60 சுற்றுப் பின்தங்கலில்தான் அதன் பலமே இருக்கிறது. அதை எங்கள் தொழிலில் ஸ்லிப் என்போம். கூண்டுக்குள் அப்போது ஓடுகிற கரண்ட் வினாடிக்கு 50 சுழற்சி இல்லை, வெறும் 2 சுழற்சிதான். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் பின்தங்கல் முழுசாக இருப்பதால் வழக்கத்தைவிட ஐந்து ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். தோட்டத்தில் மோட்டார் போட்டால் வீட்டில் லைட் ஒரு சிமிட்டு சிமிட்டுவது அதனால்தான். சீலிங் ஃபேனில் பின்தங்கல் இன்னும் அதிகம். 14 துருவ ஃபேன் கணக்குப்படி 428 சுற்றுப் போக வேண்டும், ஓடுவது 350, 380.

தோட்டத்து மோட்டார் மூன்று ஃபேஸ், அதாவது மூன்று ஒயரில் கரண்ட் வருவது, அதற்குக் கண்டன்சர் தேவையில்லை. மூன்று ஃபேஸும் இயல்பிலேயே ஒன்றன் பின் ஒன்றாக ஏறி இறங்குவதால் காந்தப்புலம் தானாகச் சுழலும். இத்தாலியில் ஃபெராரிஸ் 1885இல் இரண்டு ஃபேஸை வைத்தும், அவரைச் சாராமல் டெஸ்லா 1888இல் அமெரிக்காவில் வாங்கிய பேட்டன்ட்களிலும் சுழலும் காந்தப்புலத்தைக் காட்டினார்கள், ஆனால் இன்றைக்கு என் கடைக்கு வருகிற மூன்று ஃபேஸ் கிளிக்கூண்டு மோட்டாரின் உருவம் 1889இல் ஜெர்மனியில் டோலிவோ டோப்ரோவோல்ஸ்கி செய்தது. டெஸ்லா பெயரை எல்லாரும் சொல்கிறார்கள், இந்த மனிதரைச் சொல்ல ஆளில்லை, பெயர் வாயில் நுழையாததுதான் காரணமோ என்னவோ. நம் ரயில்வேயின் வாப்-7 மின்சார இன்ஜின் இழுப்பதும், இண்டக்ஷன் மோட்டார் என்கிற இதே வகை மூன்று ஃபேஸ் மோட்டாரில்தான். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மோட்டார் செய்தார்கள், இந்தியாவிலேயே முதலில் செய்தது அதுதான் என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வோம். நீலகிரியிலிருந்து பைகாரா நீர்மின் கரண்ட் வந்து, மில்லும் கிணற்றுப் பம்பும் பெருகின ஊரில் அது நடந்ததில் ஆச்சரியம் இல்லை.

இந்தச் சுழலும் காந்தப்புலம் தெரியாததால் விவசாயிகள் இழக்கிற பணம் கொஞ்சநஞ்சம் இல்லை. போன மாசம் ஒரு பெரியவர் 5 குதிரைத்திறன் மோட்டாரை டெம்போவில் ஏற்றி வந்தார். மூடியைத் திறந்ததுமே எரிந்த வார்னிஷ் நாற்றம், அது மூக்கில் ஏறினால் சாயங்காலம் வரை போகாது. காயிலைப் பார்த்தேன். இரண்டு ஃபேஸ் கூட்டம் கரிக்கட்டையாக இருக்கிறது, மூன்றாவது கூட்டம் நேற்றுக் கட்டின மாதிரி பளபளவென்று இருக்கிறது. ஸ்டார் கனெக்ஷன், அதாவது மூன்று காயில் கூட்டத்தின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய மோட்டாரில் இப்படி இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

"ஐயா, ஓடும்போது ஒரு ஃபேஸ் போயிருக்குங்க. பிரிவென்டர் போடலீங்களா?"

"அது அடிக்கடி மோட்டாரை நிறுத்திட்டே இருந்துச்சு தம்பி, அதான் தூக்கிட்டு டைரக்டாக் குடுத்துட்டேன்."

பிரிவென்டர் என்பது ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடுகிற கருவி, அது நிறுத்தியதே இதற்காகத்தான். ஒரு ஃபேஸ் போனால் சுழலும் காந்தப்புலம் கெட்டு, கண்டன்சர் செத்த ஃபேன் மாதிரி ஆகிவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் நிற்காது, தண்ணீரும் கொஞ்சம் வரும், பின்தங்கல் கூடக் கூட மிச்சம் இரண்டு ஃபேஸும் அளவுக்கு மேல் இழுத்து எரியும்.

லோ வோல்டேஜும் அப்படித்தான். வோல்டேஜ் குறைந்தால் கரண்ட்டும் குறையும், மோட்டாருக்கு என்ன கேடு என்று கேட்கிறார்கள். பல்புக்கு அது சரி. மோட்டாரின் முறுக்கு, அதாவது சுற்றுகிற பலம், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 வோல்ட்டுக்குப் பதில் 330 வந்தால் முறுக்கு 63 சதவீதம்தான் மிஞ்சும். ஆனால் கிணற்றின் ஆழம் குறையப் போவதில்லை. மோட்டார் இன்னும் பின்தங்கி, இன்னும் அதிகக் கரண்ட் இழுத்துத்தான் அந்தத் தண்ணீரைத் தூக்கியாக வேண்டும். அதனால் வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரில் கரண்ட் கூடும். இந்த ஒரு வரியை உங்கள் விவசாயப் பக்கத்தில் மாசம் ஒரு தடவை போட்டால் என் வியாபாரம் பாதி குறையும், பரவாயில்லை, போடுங்கள்.

இன்னொன்று, இதைக் கட்டுரையாளரிடம் வம்புக்குக் கேட்கவில்லை. கம்பி மேல் விசை விழுகிறது என்கிறோம், ஆனால் நிஜ மோட்டாரில் கம்பி இரும்புப் பற்களுக்கு நடுவே ஸ்லாட் என்கிற பள்ளத்தில், இன்சுலேஷன் பேப்பருக்குள் சுகமாகப் படுத்திருக்கிறது. காந்தப்புலம் பெரும்பாலும் இரும்புப் பல் வழியாகவே போய்விடுவதால் தள்ளு விசையில் பெரும்பங்கு இரும்புப் பல் மேல்தான் விழுகிறது. கணக்குப் போடும்போது மட்டும் கம்பி மேல் என்று போட்டாலும் விடை சரியாக வருகிறது. 26 வருஷம் காயில் கட்டி, இத்தனை விசையைத் தாங்கும் கம்பி ஏன் பிய்த்துக்கொண்டு வருவதில்லை என்று யோசித்தவனுக்கு இது தெரிந்தபோது பெரிய நிம்மதி.

இப்போது வருகிற பிஎல்டிசி (கார்பன் பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேனில் நிஜமாகவே காந்தம் உண்டு. பழைய ஃபேன் 75 வாட் தின்றால் இது 30 வாட்டுக்குப் பக்கத்தில் முடித்துவிடுகிறது. கூண்டுக்குள் கரண்ட்டைப் பிறக்க வைத்து அதில் சூடாக வீணாக்குகிற வேலை இல்லை, ரோட்டாரில் காந்தம் தயாராக இருக்கிறது, உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் விட வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறது. எங்களுக்கு அதில் வேலை குறைவு, காயில் எரிவதில்லை, போர்டுதான் போகிறது. அக்கா மகளிடம் அப்படி ஒன்றின் ரோட்டார் வளையத்தைக் கொடுத்தேன். பின்னைக் கிட்டே கொண்டுபோனதும் டப்பென்று போய் ஒட்டியது. பேப்பர் மேல் இருந்த கோபம் அப்போதுதான் பாதி இறங்கியது.

மீதிப் பாதிக்கு ஒரு காரணம் இருக்கிறது. கட்டுரையோடு வந்த இடக்கைப் படத்தில் ஆள்காட்டி விரலுக்கு மின்னோட்டம் என்றும், நடுவிரலுக்குக் காந்தப்புலம் என்றும் போட்டிருக்கிறீர்கள். ஆள்காட்டி விரல்தான் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டை விரல் விசை. இரண்டு விரலை மாற்றினால் விசை எதிர்ப்பக்கம் போய்விடும், மூன்று ஃபேஸில் இரண்டு ஒயரை மாற்றினால் மோட்டார் திரும்பி ஓடுமே, அதே மாதிரி. வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு அறிவியல் பரீட்சை. அவள் வகுப்பில் இன்னும் நாலைந்து பேர் அந்தப் படத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்களாம். வியாழனுக்குள் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் வாசகர் ஒருவர்,
பொள்ளாச்சி வட்டம்